வராத பல்

போன மாதம் பேத்தியை அழைத்துக்கொண்டு வாலாஜாவில் ஒரு பல் டாக்டரிடம் போயிருந்தோம். பதினோரு வயது. கீழ்வரிசையில் இடது பக்கம் ஒரு பால்பல் இன்னும் ஆடவே இல்லை. கூடப் படிக்கிற பெண்களுக்கெல்லாம் விழுந்து முளைத்துவிட்டதாம். என் மகளுக்குக் கவலை. எனக்கும் உள்ளூர ஒரு கவலை இருந்தது, ஆனால் வேறு காரணத்துக்காக. வாயைத் திறந்து சொல்லவில்லை.

டாக்டர் சின்னப் பெண். தாடை முழுவதும் ஒரே படத்தில் விழும் எக்ஸ்ரே எடுத்தார். படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, வலது பக்கம் பால்பல்லுக்கு அடியில் புதுப்பல் ஒன்று குருத்து மாதிரி உட்கார்ந்திருப்பதைக் காட்டினார். இடது பக்கம் அதே இடத்தில் வெறும் எலும்பு.

"பல் முளையே உருவாகல தாத்தா. பிறவியிலேயே இல்ல. பால்பல்லு வேர் நல்லா இருக்கு, பிடுங்க வேண்டாம். வீட்ல வேற யாருக்காவது இப்படி இருந்திருக்கா?"

நான் என் வாயைத் திறந்து காட்டினேன். அதே பக்கம், அதே இடம்.

அது 1961. எனக்கு 13 வயது. அப்போது சோளிங்கரில் பல்லுக்கென்று தனி டாக்டர் யாரும் எனக்குத் தெரிந்து கிடையாது. இந்தியாவிலேயே முதல் பல் மருத்துவக் கல்லூரியை டாக்டர் ரஃபியுத்தீன் அகமது கல்கத்தாவில் தொடங்கியது 1920இல். பல் டாக்டர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற சட்டம் வந்தது 1948இல். சென்னையில் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து பல் மருத்துவப் பிரிவு வந்தது 1953இல். அங்கே படித்து முடித்தவர்கள் எங்கள் மாதிரி ஊருக்கு வந்து சேர ரொம்ப நாள் ஆயிற்று. எங்களுக்குக் கிடைத்தவர் ஒரு கம்பவுண்டர். அவர் பெயர் வேண்டாம், நல்ல மனிதர்தான். "பதிமூணு வயசுல பால்பல்லு இருக்கலாமா? இதுதான் அடைச்சிக்கினு இருக்கு" என்று கொறடை வைத்து இழுத்துவிட்டார். ஆடாத பல். இரண்டு வேர். ரத்தம் நிற்க ராத்திரி ஆயிற்று. மூன்று மாதத்தில் புதுப்பல் வரும் என்றார்.

பாட்டி பல்லைச் சாணி உருண்டைக்குள் வைத்துக் கொடுத்தாள். கூரை மேல் எறிந்தேன். மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருஷம் என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விளக்கு வைத்த பிறகு எறிந்ததால்தான் வரவில்லை என்று பாட்டி கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கத்துப் பற்களும் அந்தச் சந்தில் சாய்ந்து, நடுவில் சாப்பாடு சிக்கி, சிக்கியது சொத்தையாகி, ஐம்பது வயதுக்குள் அந்தப் பக்கம் முழுவதும் போய்விட்டது. இல்லாத ஒரு பல்லுக்கு இடம் கொடுப்பதற்காக, இருந்த ஒரு பல்லைப் பிடுங்கியிருக்கிறோம். அடியில் முளை இல்லாவிட்டால் பால்பல்லின் வேர் சீக்கிரம் கரையாது, நாற்பது ஐம்பது வயது வரைகூடத் தாங்கும் என்று இந்தப் பெண் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது. யார் மேல் கோபப்படுவது? 1961இல் எங்கள் ஊரில் எக்ஸ்ரே ஏது?

வீட்டுக்கு வந்த பிறகு இதைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை.

இது அபூர்வமே இல்லை. அறிவுப்பல் என்று நாம் சொல்லும் கடைசிப் பல் உலகத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஒன்றாவது உருவாவதே இல்லை. அதைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தாலும், பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் போட்ட கணக்கில் 100 பேருக்கு 6 பேர் சுமாராக ஏதோ ஒரு பல் இல்லாமல் பிறக்கிறார்கள். நான் படித்த வகுப்பில் 45 பேர். அப்படியானால் என்னைத் தவிர இன்னும் இரண்டு பேராவது இருந்திருக்க வேண்டும். யார் என்று இனிமேல் கண்டுபிடிக்க முடியாது. இருக்கிறவர்களில் பாதிப் பேருக்கு வாயில் பல்லே இல்லை.

பெண்களுக்கு ஆண்களைவிடக் கொஞ்சம் அதிகம் வருகிறது, ஒன்றுக்கு ஒன்றேகால் பங்குக்கும் மேல். அதிகமாகக் காணாமல் போவது கீழ்த்தாடையில் கடைவாய்ப்பல்லுக்கு முன்னால் இருக்கும் இரண்டாவது சிறிய பல், அதாவது என்னுடையதும் பேத்தியுடையதும். அடுத்தது மேல்வரிசையில் நடு இரண்டு பற்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பல். பால்பற்களில் இப்படி இல்லாமல் போவது 100க்கு ஒன்றைவிடக் குறைவு. அதனால்தான் சின்ன வயதில் யாருக்கும் தெரிவதில்லை.

இந்தக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. பல் ஆஸ்பத்திரிக்கு வரும் பிள்ளைகளை எண்ணினால் எண்ணிக்கை கூடத்தான் வரும். பல் வரிசை கோணலாக இருப்பவன், சந்து விட்டிருப்பவன்தானே கிளிப் போட வருகிறான்? தெருவில் போகும் பிள்ளைகளைப் பிடித்து யாரும் எக்ஸ்ரே எடுப்பதில்லை. ஆகவே ஆஸ்பத்திரிக் கணக்கை ஊர்க் கணக்காக எடுத்துக்கொள்ளக்கூடாது. முப்பத்து நாலு வருஷம் ஆள் கணக்கு எழுதியவன் என்பதால் இது எனக்குச் சட்டென்று பட்டது. இன்னொன்று, இந்தக் கீழ்ப்பல் முளை சில பிள்ளைகளுக்குத் தாமதமாகத்தான் படத்தில் தெரியுமாம். ஒன்பது பத்து வயதுக்கு முன்னால் 'இல்லை' என்று அடித்துச் சொல்லக்கூடாது.

தண்ணீரால் வந்தது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். தண்ணீரில் ஃபுளோரைடு கூடினால் பல் மஞ்சளும் பழுப்புமாகக் கறை பிடிக்கும், எலும்பும் கெடும். அதைப் பற்றி ஷார்ட் என்ற மருத்துவரும் கூட வேலை செய்தவர்களும் 1937லேயே பழைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பக்கத்தில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது இருக்கிற பல்லைக் கெடுப்பது. முளையே இல்லாமல் போவது பெரும்பாலும் பரம்பரை விஷயம்.

இது வரைக்கும் படித்ததோடு விட்டிருந்தால் இந்தப் பதிவே இல்லை. தேடிக்கொண்டே போனபோது சிந்து நாட்டுக் கதை ஒன்று கிடைத்தது. அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சார்லஸ் டார்வின் பெயரைக் கேள்விப்படாதவர்கள் இருக்க மாட்டீர்கள். வீட்டு விலங்குகளும் பயிர்களும் எப்படி மாறுகின்றன என்று 1868இல் அவர் இரண்டு பாகமாக ஒரு பெரிய புத்தகம் எழுதினார். 1875இல் வந்த அதன் திருத்திய பதிப்பில், வெட்டர்பர்ன் என்பவர் தனக்குத் தெரிவித்ததாக ஒரு செய்தியைச் சேர்த்திருக்கிறார். சிந்து மாகாணத்தில் ஒரு இந்துக் குடும்பம். நாலு தலைமுறையில் பத்து ஆண்கள். அவர்களுக்கு மேலும் கீழும் சேர்த்து முன்பற்கள் நாலு, அதுவும் சின்னதாக, பலமில்லாமல். கடைவாய்ப்பல் எட்டு. மொத்தம் பன்னிரண்டுதான். உடம்பில் முடி மிகக் குறைவு, சீக்கிரம் வழுக்கை. வெயில் காலத்தில் தோல் காய்ந்துபோய் மிகவும் சிரமப்படுவார்கள். அந்தக் குடும்பத்தில் ஒரு பெண்ணுக்குக்கூட இது வந்ததில்லை. ஆனால் அந்தப் பெண்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்கு வருகிறது. பல் இல்லாத தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்ததே இல்லை.

டார்வினுக்குப் பல், முடி, தோல் மூன்றும் சேர்ந்தே மாறுகின்றன என்பதில்தான் ஆர்வம். முடியில்லாத நாய்களுக்குப் பற்களும் குறைவாக இருப்பதை அதே இடத்தில் சொல்கிறார். பர்மாக்காரர் ஒருவரையும் சொல்கிறார். 1826இல் கிராஃபர்டு என்ற வெள்ளைக்காரத் தூதர் ஆவா அரசவையில் பார்த்த மனிதர் அவர். உடம்பு முழுவதும் பட்டுப் போல முடி, ஆனால் வாயில் ஒன்பது பல். பிறகு 1855இல் யூல் போனபோது அவருடைய மகள் வளர்ந்திருந்தாள், அவளுக்கும் அப்படியே முடி, அப்படியே பல் குறைவு. முடி அதிகமானாலும் குறைந்தாலும் பல் போகிறது. ரங்கூன் போய்வந்த எங்கள் தெருப் பெரியவர்கள் யாராவது இதைக் கேட்டிருந்தால் இன்னும் பத்துக் கதை சேர்த்திருப்பார்கள்.

சிந்து என்றால் அந்த ஹைதராபாத் நம் நிஜாம் ஹைதராபாத் அல்ல, இப்போது பாகிஸ்தானில் இருப்பது. அங்கே இவர்களைப் 'பூடா' என்று அழைத்திருக்கிறார்கள். கே. ஐ. தடானி என்பவர் 1921இல் இவர்களைப் பற்றி அமெரிக்காவில் வெளிவந்த பரம்பரையியல் பத்திரிகை ஒன்றில் எழுதினார், 1930களில் மறுபடியும் எழுதினார். இதற்கிடையில் 1910இல் மார்கன் என்பவர் பழ ஈக்களை வைத்துக்கொண்டு, சில குணங்கள் எக்ஸ் குரோமோசோம் வழியாக இறங்குகின்றன என்று காட்டியிருந்தார். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானாலும் இன்னொன்று ஓரளவு தாங்கிக்கொள்ளும். ஆணுக்கு ஒன்றுதான், அதுவும் தாயிடமிருந்து வருவது. அது பழுதானால் போக்கிடம் இல்லை. தகப்பன் மகனுக்குக் கொடுப்பது வேறு குரோமோசோம், ஆகவே மகனுக்கு வராது. தகப்பனுடைய பழுது மகள் எல்லோருக்கும் போகும், ஆனால் வெளியே பெரிதாகத் தெரியாது. டார்வினுக்குக் காரணம் தெரியாமல் இருந்த விஷயம் இப்படிப் புரிந்தது.

லண்டனில் ஜான் தர்னம் 1848லேயே தோல், முடி, பல் மூன்றும் சரியாக வளராத இரண்டு பேரைப் பற்றி எழுதியிருக்கிறார். 1929இல் வீச் என்ற அமெரிக்க டாக்டர் இதற்கு ஒரு பெயர் வைத்தார், நீளமான பெயர், தமிழில் சொன்னால் புறத்தோல் வளர்ச்சிக் குறை. பல்லும், முடியும், வியர்வைச் சுரப்பியும் கருவில் ஒரே மேல்தோலிலிருந்து மடிந்து உண்டாகின்றனவாம். ஒரே குயவன் செய்கிற மூன்று பாண்டம் மாதிரி. அந்தக் கட்டளையைக் கொடுக்கும் மரபணுவை 1996இல் கண்டுபிடித்து இ.டி.ஏ. என்று பெயர் வைத்தார்கள்.

இதில் முக்கியமானது பல் அல்ல, வியர்வை. இவர்களுக்கு வியர்க்காது. வியர்க்காதவனுக்கு வெயிலிலோ வேலையிலோ உடம்புச் சூடு இறங்க வழியில்லை. கைக்குழந்தையாக இருக்கும்போது காரணம் தெரியாத காய்ச்சலிலேயே சிலர் போய்விடுவார்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

நான் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு டேனரியில் டைம் ஆபீஸில் இருந்தவன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். 1972 முதல் 2006 வரை. மஸ்டர் ரோல் என் கையில். எங்கள் ஊரிலிருந்து என்னோடு அதே பஸ்ஸில் வந்த ஒருவன் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தான். கொண்டபாளையத்துக்காரன். பேரைச் சொல்ல மாட்டேன், அவன் பிள்ளைகள் இருக்கிறார்கள். தலையில் பூனை மயிர் மாதிரி நாலு முடி. புருவம் இல்லை. பேசினால் முன்னால் கூராக இரண்டு பல் தெரியும், கீழே ஈறுதான். 'கிழவன்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அப்போது அவனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

கத்திரி வெயிலில் எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழியில் நிற்கிறவன், நனைந்த தோலைத் தூக்குகிறவன் எல்லோருக்கும் வேர்வை ஆறாக ஊற்றும். இவன் மட்டும் காய்ந்த விறகு மாதிரி இருப்பான். முகம் சிவந்து போகும். அரைமணிக்கு ஒரு தரம் கிணற்றடிக்குப் போய்ச் சட்டையோடு நாலு வாளி ஊற்றிக்கொண்டு வருவான். மேஸ்திரி என்னிடம் வந்து கத்துவார்: "வேர்வையே சிந்தாம சம்பளம் வாங்கறான் சார் இவன்." அந்தச் சொல் அங்கே பெரிய நகைச்சுவையாக ஓடியது. நானும் சிரித்திருக்கிறேன்.

"ஒடம்பு எரியுது சார். தண்ணி ஊத்திக்கினு வந்துடறேன், சித்த பாத்து எழுதுங்க" என்று என் ஜன்னலில் வந்து நிற்பான். கிணற்றடியில் இருந்த நேரத்தைச் சேர்த்து அரைநாள் வெட்டச் சொல்லி மேலே இருந்து உத்தரவு. நான் வெட்டினேன். ஒரு தடவை இல்லை. சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் அவன் பெயருக்கு நேரே முழு நாள் விழுந்தது குறைவு. மார்கழியில் அவன் மாதிரி வேலை செய்கிறவன் கிடையாது. அதையும் நான்தான் எழுதினேன், அந்த வித்தியாசம் என் கண் முன்னாலேயே நோட்டில் இருந்தது. கணக்கு எழுதுகிறவன் அதைப் படித்துப் பார்த்திருக்க வேண்டாமா?

கார்த்திகை ஞாயிற்றுக்கிழமையில் அவன் அக்கா மகனைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு பெரிய மலைக்கு ஏறுவான். 1305 படி. நான் மூச்சு வாங்கி நிற்கும்போது என்னைத் தாண்டிக்கொண்டு போய்ச் சிரிப்பான். தோளில் இருந்த அந்தப் பையனுக்கும் அதே நாலு முடி, அதே கூர்ப்பல். மாமனைக் கொண்டு பிறந்திருக்கிறான் என்று சொல்வார்கள். ஆனால் அவனுக்குச் சொந்தமாகப் பிறந்த இரண்டு பையன்களும் நன்றாகவே இருந்தார்கள், தலை நிறைய முடி, வாய் நிறையப் பல். அதை வைத்தே அவனை இன்னும் ஏசினார்கள். "பசங்க எப்டி வேல செய்றானுங்க பாரு, அப்பனுக்கு மட்டும் நோவு."

தகப்பனிடமிருந்து மகனுக்கு வராது, பெண் வழியாகத்தான் வரும். 1875இல் அச்சான புத்தகத்தில் இருக்கிறது. நூறு வருஷம் கழித்து, அதே நாட்டில், என் ஜன்னலுக்கு முன்னால் நின்றது.

அவன் 1984இல் இறந்தான். மே மாதம். ஜுரம் என்றார்கள்.

சொந்தத்தில் கல்யாணம் செய்ததால்தான் இதெல்லாம் என்று ஒரே போடாகப் போடுகிறவர்கள் உண்டு. பல் குறைவாக வரும் வேறு சில வகைகளில் அது உண்மைதான். ஆனால் இந்த எக்ஸ் வழி வகைக்குச் சொந்தம் தேவையில்லை, தாய் சுமந்துகொண்டிருந்தால் போதும். நம் வழக்கப்படி இப்படிப்பட்ட ஒருவன் அக்கா மகளையே கட்டினால், அவளும் சுமப்பவளாக இருந்தால், அப்போதுதான் பெண் குழந்தைக்கும் முழுதாக வரும் வாய்ப்பு உண்டாகிறது. என் பேத்திக்கு இருப்பது போல ஒன்றிரண்டு பல் இல்லாதவர்கள் இதையெல்லாம் நினைத்துப் பயப்பட ஒன்றும் இல்லை. அறிவுப்பல்லைச் சேர்க்காமல் ஆறு பல்லும் அதற்கு மேலும் இல்லாதவர்கள் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேர்தான். அவர்கள் மட்டும் முடி, வியர்வை, குடும்பம் எல்லாவற்றையும் சேர்த்து டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இன்னொரு செய்தியும் படித்தேன். ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்தில் ஒரு தாய். முதல் பையனுக்கு இந்த நோய். மறுபடி கர்ப்பம், இரட்டை ஆண் குழந்தைகள், இரண்டுக்கும் இதே குறை என்று தெரிந்தது. பழுதான மரபணு செய்ய வேண்டிய புரதத்தை வெளியே தயாரித்து, குழந்தைகள் வயிற்றில் இருக்கும்போதே பனிக்குட நீரில் ஊசி வழியாகச் செலுத்தினார்கள். பிறந்த பிறகு அந்தக் குழந்தைகளுக்கு வியர்த்தது. 2018இல் அந்த மருத்துவர்கள் இதை வெளியிட்டார்கள். இன்னும் எல்லோருக்கும் கிடைக்கிற வைத்தியமாக ஆகவில்லை, சோதனை நிலையில்தான் இருக்கிறது.

ஆனால் முன்கூட்டித் தெரிந்தால் குழந்தையைக் குளிர்ச்சியாக வைக்கலாம், ஜுரத்தில் போகவிடாமல் காப்பாற்றலாம். பல் செட் மூன்று நான்கு வயதிலேயே வைக்கிறார்கள். வேலூர் சி.எம்.சி.யில் மரபணு பார்த்து ஆலோசனை சொல்லத் தனிப் பிரிவே இருக்கிறது.

அவனுடைய அக்கா இன்னும் கொண்டபாளையத்தில் இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். அவருடைய மகள் வயிற்றுப் பேத்தி ஐந்து மாதம் முழுகாமல் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். சொல்வதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். நல்ல காரியம் நடக்கும் வீட்டில் போய் இதைச் சொன்னால் அந்தப் பெண்ணைப் புருஷன் வீட்டில் என்ன சொல்வார்களோ? கடைசியில் அந்தப் பல் டாக்டரிடமே ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, போன ஞாயிற்றுக்கிழமை போனேன். பெண்ணின் தாயாரும் இருந்தார். மெதுவாகச் சொன்னேன். அந்தப் பெண் சுமக்கிறாளா இல்லையா என்பதே தெரியாது, பார்த்துக்கொண்டால் நல்லது, அவ்வளவுதான் என்றேன்.

கிழவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். மேல்வரிசையில் நடுப்பல் இரண்டுக்கும் இரு பக்கமும் சந்து. ஐம்பது வருஷமாகப் பார்த்த சிரிப்பு. வயதில் விழுந்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"அது எப்பவுமே மொளைக்கல சார்" என்றார். "எங்கம்மாவுக்கும் இல்ல."

மகள் கடிதத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை வேலூருக்குப் போவதாகச் சொன்னார். நான் எழுந்தபோது கிழவி கையைப் பிடித்தார்.

"அப்ப எந்தம்பி சோம்பேறி இல்லன்னு அந்த டாக்டரம்மா எழுதிக் குடுப்பாங்களா சார்?"

நான் எழுதித் தருகிறேன் என்றேன்.